மூன்றாம் இயந்திரத்தின் இரண்டு கதவுகள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. வீட்டிலும் தெருவிலும் அவள் வானொலி. ஏழு வயதில், பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய ஒரு கல்யாண விஷயத்தை, மாப்பிள்ளைக்கே தெரிவதற்கு முன்னால் தெரு முழுக்கச் சொல்லி முடித்தவள் அவள். சித்தப்பா அன்றைக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஓட்டை வாய் என்று சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். வானொலி என்பதில் கொஞ்சம் கௌரவம் இருந்ததால் அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் முப்பத்தாறாவது வயதில், வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டிய ஒரு வேலை கிடைத்தது. தலையெழுத்தை என்ன சொல்ல.

ஊர் அருங்காட்சியகத்தில் அதுவரை இருந்தவை: நகர்மன்றத் தலைவர்களின் படங்கள் பதினேழு, ஓடாத பெரிய கடிகாரம் ஒன்று, ஒரு கண் விழுந்துபோன பாடம் செய்த முதலை ஒன்று. புதிதாக வந்த காப்பாட்சியர் அம்மா அந்தப் படங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாருக்கும் சட்டை நல்லா வெளுப்பா இருக்கு. துவைச்சது யாரு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் குரல்கள் அறை. எந்தப் புத்தகத்திலும் எந்தப் படத்திலும் இடம்பெறாத ஆட்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, வருகிறவர்கள் காதில் மாட்டிக் கேட்கும்படி வைக்க வேண்டும். ஆட்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்ய ஒருவர் தேவை.

"மேடம், எனக்கு யார்கிட்ட வேணும்னாலும் பேச வரும்" என்றாள் வானொலி, நேர்காணலில்.

"பேசறதுக்கு ஆள் வேண்டாம்மா. கேக்கறதுக்குத்தான் வேணும்" என்றார் காப்பாட்சியர்.

வேலையில் சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒருவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்ல மாட்டேன் என்று அதில் இருந்தது. கதை சொன்னவர்கள் ஒவ்வொருவரும் பிறகு வந்து தங்கள் பதிவைக் கேட்டு, ஒரு படிவத்தில் குறிக்க வேண்டும். எல்லோரும் கேட்கலாம், ஆராய்ச்சிக்கு வருகிறவர் மட்டும் கேட்கலாம், யாரும் கேட்கக் கூடாது என்று அதில் மூன்று கட்டங்கள். விஷயத்தைக் கேள்விப்பட்ட அவள் புருஷன், பேருந்து நடத்துநர், ஒரு நிமிடம் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மூன்று மாதம் நன்றாகவே போயிற்று. லிஃப்ட் இயக்குகிறவர், சாக்கடை அள்ளும் பெண்கள், பிணவறைக் காவலர் என்று ஒவ்வொருவராகப் பிடித்தாள். எல்லோரும் முதலில் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எங்ககிட்ட என்ன கதை இருக்கு?" டீ வந்து ஒரு மடக்குக் குடித்த பிறகு இரண்டு மணி நேரம் நிறுத்த முடியாது. பிணவறைக் காவலர் அடித்த நகைச்சுவைகளுக்குச் சிரித்துச் சிரித்து அந்தப் பதிவில் பாதி அவள் சிரிப்புதான் இருக்கிறது.

அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் வந்தது.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கொதிகலனை ஒட்டி ஒரு நீளமான கட்டடம். நடுவில் கூரை வரை ஒரு சுவர். அந்தச் சுவரிலேயே பதித்தாற்போல ஆறு பெரிய சலவை இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கத்துக் கதவு வழியாக வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியைப் போடுவார்கள். வெந்நீரிலும் மருந்திலும் முக்கால் மணி நேரம் புரண்டு, அது அந்தப் பக்கத்துக் கதவு வழியாகச் சுத்தமாக வெளியே வரும். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காது. நோய் சுவரைத் தாண்டக் கூடாதே. ஆகவே ஆட்களும் தாண்டுவதில்லை.

அழுக்குப் பக்கம், வெள்ளைப் பக்கம் என்று பெயர். இரண்டுக்கும் தனித்தனி வாசல், அதுவும் வேறு வேறு தெருவில். அழுக்குப் பக்கம் காலை ஆறு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடும். வெள்ளைப் பக்கம் எட்டுக்கு வந்து நாலரைக்குப் போகும். இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் தொப்பியும் முகமூடியும் உண்டு. கண்ணைத் தவிர எதுவும் வெளியே தெரியாது. இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்குக் காது கேட்கப் போகிறது? விரலைக் காட்டித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அங்கே இயந்திரத்தின் எண்தான் ஆளின் பெயர்.

அழுக்குப் பக்கத்து மூன்றாம் எண்காரர்தான் முதலில் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஆவி படியும் என்று வேலை நேரத்தில் மட்டும் கழற்றி வைக்கிற கனத்த சட்ட மூக்குக் கண்ணாடி, தரையைப் பார்த்தே நடக்கிற மனிதர். வானொலி அவரை அண்ணன் என்று கூப்பிட்டாள். அருங்காட்சியகத்தின் பின்னறையில், பழுதுபார்க்கக் கொண்டுவந்து போட்டிருந்த முதலைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, "எங்கிட்ட என்னம்மா கதை இருக்கு?" என்று அவரும் ஆரம்பித்தார்.

டீ வந்தது.

"துணியில என்னெல்லாம் வரும் தெரியுமா? ஸ்பூன், மூக்குக்கண்ணாடி, டி.வி. ரிமோட்டு. ஒரு தடவை உயிரோட ஒரு பூனைக்குட்டி. டாக்டருங்க கழுத்துல மாட்டற குழாய் மாசத்துக்கு ஒண்ணு நிச்சயம். எல்லாத்தையும் தேடி எடுத்து ஒரு பையில போட்டு மேல அனுப்பிடுவேன். எங்கிட்ட ஒண்ணும் தப்பாது. ஒரே ஒரு நாள் தப்பிடுச்சு."

"என்னது அது?"

"பல்செட்டும்மா. மேல்வரிசை, கீழ்வரிசை ரெண்டும். போர்வையில சுருண்டுகிட்டு உள்ள போயி, முக்கால் மணி நேரம் வெந்நீர்ல குளிச்சிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து மூணாம் நம்பர் அம்மா துணியெல்லாம் எடுத்துட்டு, அவங்க கதவைச் சாத்திட்டாங்க. உள்ள காலி. ரெண்டு கதவுலயும் வட்டமா கண்ணாடி இருக்கும், அதனால பச்சை விளக்கு எரிஞ்சு என் கதவு திறக்கற வரைக்கும் ஒரு நாலு நொடி, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பளிச்னு தெரியும். பார்த்தா, அவங்க அந்தப் பல்செட்டைக் கண்ணாடிக்கு நேரா தூக்கிப் பிடிச்சு..."

அண்ணன் தன் இரண்டு கையையும் பல்வரிசைகளாக்கிக் காட்டினார். கடக், கடக் என்று இரண்டு முறை கடித்தன. பிறகு பணிவாகக் குனிந்தன.

"அதாலயே எனக்கு வணக்கம் சொன்னாங்க" என்றார்.

வானொலி சிரித்த சிரிப்பில் முதலையின் மீது டீ சிந்தியது. அவரும் சிரித்தார், சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது ஆச்சு, பத்து வருஷம் பதினோரு மாசம்" என்றார்.

பல்செட்டு தொலைந்த தேதியை இத்தனை துல்லியமாக யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா? வானொலி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவங்க பேரு என்னண்ணே?"

"தெரியாது. மூணு."

"முகம்?"

"கண்ணு தெரியும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு நாலு நொடி. நான் கையைத் தூக்குவேன். அவங்களும் தூக்குவாங்க. எனக்கு அது போதும்மா. அப்பா அம்மா போனப்புறம் ரெண்டு தங்கச்சிங்களை ஆளாக்கி, கட்டிக் குடுத்து, எனக்குன்னு பார்க்கறதுக்குள்ள தலை நரைச்சுப் போச்சு. காலையில எழுந்திருக்க ஒரு காரணம் வேணும்ல?"

"வாசல்ல நின்னு யாருன்னு பார்த்திருக்கலாமே!"

"பார்த்து, அவங்களுக்கு வீட்டுக்காரரு, பேரன், பேத்தின்னு இருந்தா? அப்புறம் அந்தக் கண்ணாடி முன்னாடி நான் எப்படி நிப்பேன்? இருக்கறதும் போயிடும்."

இரண்டு நாள் கழித்து வெள்ளைப் பக்கத்து மூன்றாம் எண்காரி வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் இறந்து இருபது வருடம். ஒரே மகள் கல்யாணமாகித் தூரதேசத்தில் இருக்கிறாள். இந்த அக்காவுக்கு டீகூடத் தேவைப்படவில்லை. உட்காரும்போதே பேசிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். எந்தத் துணி எந்த வார்டுக்குப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்வாளாம். பிரசவ வார்டுத் துணியை மடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானமாக மடிப்பாளாம். பேச்சோடு பேச்சாகப் பல்செட்டுக் கதையும் வந்தது. வானொலி பென்சிலைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தாளு சிரிச்சாரு பாரு அன்னைக்கு! சத்தம் கேக்கல. தோளு மட்டும் இப்படி இப்படி ஆடுது. அந்தப் பல்செட்டு யாருதோ, அவங்க நல்லா இருக்கணும். எனக்கு ஒரு மனுஷனைச் சம்பாதிச்சுக் குடுத்துச்சு."

"நல்லவரா அவரு?" கேட்டபோது வானொலியின் குரல் கீச்சென்று வந்தது.

"பேசினாத்தான் தெரியணுமா என்ன? மத்த மெஷின்ல துணி முடிச்சு முடிச்சா வரும். மூட்டையை அப்படியே உள்ள தள்ளிடுவாங்க. ஈரத்துல அந்த முடிச்சை அவுத்து அவுத்து எங்க பொண்ணுங்களுக்கு விரல் நகமே போயிடும். இவரு ஒவ்வொண்ணா உதறிப் போடுவாரு. அந்த அழுக்கை, அந்த நாத்தத்தை, ஒவ்வொண்ணா. அவருக்கு அதுல ஒரு லாபமும் இல்ல. பதினோரு வருஷத்துல அவரு போட்டதுல எனக்கு ஒரு முடிச்சு வந்ததில்ல." அக்கா சேலை முனையை விரலில் சுற்றினாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் துணி முடிச்சோட வந்துச்சு. கண்ணாடியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, இன்னிக்கு அவரு வரலைன்னு. காய்ச்சலோ என்னவோ. பதினாறு நாள். எனக்குச் சோறு இறங்கல. யார்கிட்ட போய்க் கேக்கறது? என்னன்னு கேக்கறது?"

அன்றைக்கு வானொலி வீட்டுக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை. நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது விஷயம். சாப்பிடும்போது புருஷன் வழக்கம்போல, "என்ன, இன்னைக்குச் செய்தி?" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

அவன் சாப்பாட்டை நிறுத்தினான். எச்சில் படாத கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "காய்ச்சல் இல்லையே. அம்மாவுக்கு ஏதாவது...?"

"ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல!" என்று கத்திவிட்டு, வாயில் ஒரு பிடியைத் திணித்துக்கொண்டாள். வாய் நிறைந்திருந்தால்தான் ஆபத்தில்லை. அந்த வாரம் அவளுக்கு ஒரு கிலோ எடை கூடியிருக்கும்.

அடுத்து அவள் செய்தது ஒரு மடத்தனம். பதிவைக் கேட்டுக் கையெழுத்துப் போட இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச்சொன்னாள். அண்ணனுக்கு இரண்டரை மணி, அக்காவுக்கு அன்று வார விடுமுறை என்பதால் நாலு மணி. அக்கா மூன்றே காலுக்கே வந்துவிட்டாள். அண்ணன் அப்போதுதான் கிளம்பிப் படியிறங்கினார். மாடிப்படி முனையில் கனமான கதவு. அவர் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், தரையைப் பார்த்தபடி. வெயிலுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு அக்கா உள்ளே நுழைந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. என்ன கனம் இந்தக் கதவு!"

"ஆமாங்க. எண்ணெய் போடணும்."

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். மாடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற வானொலிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பதினோரு வருடம் ஒருவர் கண்ணை ஒருவர் தேடிக்கொண்டிருந்தவர்கள், கதவுக்கு எண்ணெய் போடுவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உயிரோடு இருக்க வேண்டும் என்றால் எப்படி இருப்பாள்?

அதைவிட மோசமான விஷயம் அவள் கையில் இருந்தது. அண்ணன் பதிவைக் கேட்டுவிட்டு, வேலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் எல்லோரும் கேட்கலாம், மூன்றாம் எண் அம்மாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்று குறித்திருந்தார். "அவங்களுக்கு ஒரு சங்கடம் வரக் கூடாது" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இந்த முப்பதாம் தேதியோடு அவருக்கு ஓய்வு. மறுநாள் காலை ஏழு மணிப் பேருந்தில் சின்னத் தங்கை ஊருக்குப் போகிறார், இனி அங்கேதான். இன்று இருபத்தொன்று.

அக்காவோ தன் பதிவைக் கேட்டு, தன் குரலுக்குத் தானே சிரித்து, படிவத்தைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு வேண்டிய கட்டம் இல்லையே" என்றாள்.

"என்ன கட்டம்க்கா?"

"ஊர்ல எல்லாரும் கேக்கட்டும். அழுக்குப் பக்கத்து மூணாம் நம்பர் மட்டும் கேக்கக் கூடாது. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். வேறென்ன செய்வது? குரல்கள் அறை திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் மனிதர் போயே விடுவார். ஒரு நாள் காலை துணி முடிச்சு முடிச்சாக வரும், இந்த அக்கா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, காய்ச்சலாக இருக்கும் என்று பதினாறு நாள் காத்திருப்பாள், பிறகும் காத்திருப்பாள். வாழ்நாளில் சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லித் தொலைத்தவள், சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

மறுநாள் காப்பாட்சியர் அறையில் போய் நின்றாள். "மேடம், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. சரி. சொல்லாம விட்டா ரெண்டு பேருக்குமே நஷ்டம்னா?"

"அப்பவும் சொல்லக் கூடாது." காப்பாட்சியர் தலையைத் தூக்கவில்லை. "நம்மளை நம்பிச் சொன்னாங்க. அது அவங்க பொருள்."

"கேள்வி கேக்கலாமா?"

காப்பாட்சியர் இப்போது தலையைத் தூக்கினார். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ. "உனக்குச் சம்பளமே கேள்வி கேக்கறதுக்குத்தானேம்மா" என்றார்.

அன்று நாலரைக்கு வானொலி வெள்ளைப் பக்கத்து வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி விட்டுப்போச்சு. அவரு மட்டும் ஏன் கேக்கக் கூடாது?"

அக்காவின் பேச்சு முதல்முறையாகத் தடுக்கியது. "கேட்டுட்டு, இப்பக் கையைத் தூக்கற மாதிரி தூக்காம போயிட்டா? இந்த வயசுல இவளுக்கு என்ன வந்துதுன்னு நினைச்சுட்டா?"

"சரி. இன்னொரு கேள்வி. வாழ்நாள் பூரா அவரு அந்தப் பக்கமே நிப்பாருன்னு நினைக்கறீங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கற?"

"சும்மா கேக்கறேன். சம்பளப் பிரிவு வாசல்ல ஓய்வு பெறவங்க பட்டியல் மாசாமாசம் ஒட்டறாங்களே, அதையெல்லாம் நீங்க பார்க்கறது உண்டா?"

"அவரு பேரே தெரியாது. பட்டியலைப் பார்த்து என்ன பண்ண?"

"பேருக்குப் பக்கத்துல எந்தப் பிரிவு, எந்த மெஷின்னு போடுவாங்களா மாட்டாங்களா?"

அக்கா அவளையே பார்த்தாள். வந்த வழியே திரும்பி, ஆஸ்பத்திரிக்குள் வேகமாக நடந்தாள்; கடைசிப் பத்தடி ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். வானொலி பின்னால் போகவில்லை. ஒரு செய்தியும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன் என்று தனக்குத் தானே மூன்று முறை சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அருங்காட்சியகம் திறப்பதற்கு முன்பே அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். இரவு தூங்காத கண்.

"அந்தத் தாளைக் குடு."

கொடுத்தாள். அக்கா தான் சொல்லி எழுத வைத்ததை அடித்துவிட்டு, நிறுத்தி நிதானமாகத் தன் கையாலேயே எழுதினாள்: முதலில் அவர் கேட்கட்டும். மற்றவர்கள் அப்புறம்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். முப்பதாம் தேதிக்கப்புறம் நான் கண்ணாடியைப் பார்த்து யாருக்குக் கையைத் தூக்கறது?" என்றாள். எட்டு மணி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று உடனே போய்விட்டாள்.

இருபத்தைந்தாம் தேதி அண்ணன் வந்தார். "ஏதோ கையெழுத்து விட்டுப்போச்சுன்னு சொன்னியேம்மா."

"கையெழுத்து இல்லண்ணே. ஒருத்தர் நீங்க கேக்கணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க." காதில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பெயர் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை.

பல்செட்டு வந்த இடத்தில் அவருடைய முதுகு விறைத்தது. முடிச்சு வந்த இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பதினாறு நாள் வந்தபோது இரண்டு கையாலும் காதுகளை அமுக்கிக்கொண்டார், ஒரு சொல்லும் வெளியே சிந்திவிடாதபடி. முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் முறை முடிந்ததும் எழுந்தார். வானொலி வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முதலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். முதலைக்கு ஏன் கும்பிட்டார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

அவ்வளவு நல்லபடியாக நடந்ததே, அதோடு முடிந்ததா? இருபத்தாறு மாலை வெள்ளைப் பக்கத்து வாசலில் அக்கா முகம் கொடுக்கவில்லை. "இன்னைக்கு அவரு கண்ணாடிக்கு வரல" என்றாள். "துணி வருது, ஒரு முடிச்சு இல்ல. ஆனா ஆளு விலகி நின்னுக்கறாரு. ஆறு தடவையும்." இருபத்தேழும் அப்படியே. இருபத்தெட்டு அக்காவுக்கு வார விடுமுறை. இருபத்தொன்பதும் அப்படியே. "உன்னைச் சொல்லி என்ன? எழுதினது என் கை" என்றாள் கடைசி நாள். அந்தக் குரலைக் கேட்டு வானொலி வீட்டுக்குப் போய்ப் புருஷன் தோளில் சாய்ந்து அழுதாள். என்ன ஏது என்று கேட்காமல் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவன் கேட்காமலும் அவள் சொல்லாமலும் இருந்த முதல் விஷயம் அது.

முப்பதாம் தேதி. இயந்திரங்களின் சத்தத்தைப் பதிவு செய்ய அனுமதி வாங்கியிருந்தாள். குரல்கள் அறையில் பின்னணியாக வைப்பதற்கு. அதை இன்றைக்கு வைத்துக்கொண்டது அவள் இஷ்டம். வெள்ளைப் பக்கத்தில் தொப்பியும் முகமூடியும் மாட்டிவிட்டு, மேற்பார்வையாளர் அவளை ஒரு ஓரத்தில் நிறுத்தினார். உலர்த்தியிலிருந்து சூடாக வந்து விழும் போர்வைகளை இரண்டிரண்டு பேராக நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள். முனையும் முனையும் சேரும்படி நடந்து வந்து, கொடுத்து, விலகி, மறுபடியும் வந்து சேர்ந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாக அந்த வெள்ளையில் விழுந்து கண் கூசியது.

பன்னிரண்டே முக்காலுக்கு மூன்றாம் இயந்திரத்தின் கடைசிச் சுற்று நின்றது. அக்கா துணியை எடுத்தாள். முடிச்சில்லை. கதவைச் சாத்தினாள். உள்ளே காலி. நேராக நின்று கையைத் தூக்கினாள். ஒரு நொடி, இரண்டு, மூன்று, நான்கு. அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் ஒருவரும் இல்லை. பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. அக்கா கையை இறக்கி, ஏதோ தொப்பியைச் சரிசெய்யத்தான் தூக்கியவள் போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு போர்வை மடிக்கப் போய்விட்டாள். வானொலிக்கு அந்த மனிதரைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தது. இந்தக் கேள்விகளுக்குச் சம்பளம்கூட வேண்டாம்.

ஒன்றே காலுக்குச் சுவரின் கோடியில், அன்று முழுக்கச் சாத்தியே கிடந்த ஒரு கதவு திறந்தது. மேற்பார்வையாளர் பாய்ந்து போனார். இரைச்சலுக்கு மேல் கத்தினார்: "யாருய்யா அது? அழுக்குப் பக்கத்து ஆளு இங்க வரக் கூடாது!"

"குளிச்சிட்டேங்க!" என்று பதில் கத்தல் வந்தது. "நடுவுல இருக்கற குளியலறையில, சோப்புப் போட்டு, தலைக்கும் சேர்த்துக் குளிச்சிட்டேன். உடுப்பும் புதுசு. குளிச்சா வரலாம்னு உங்க சட்டத்துலயே இருக்கு!"

இருந்தது. மேற்பார்வையாளர் சுவரில் மாட்டியிருந்த விதிகளில் போய் விரல் வைத்துப் பார்த்தார். ஏழாவது விதி. மெஷின் பழுதுபார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டது. ஆனால் யாருக்கென்று போடவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒதுங்கினார்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முகமூடி இல்லாமல், மூக்குக் கண்ணாடி இல்லாமல், அண்ணன் மூன்றாம் இயந்திரத்தின் பக்கம் நடந்து வந்தார். தரையைப் பார்க்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அக்கா திரும்பினாள். கண்ணைப் பார்த்தாள். முகமூடியை மெதுவாகக் கழுத்துக்கு இறக்கினாள். இருவரும் அவரவர் வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவரின் மூக்கையும் வாயையும் பார்த்தார்கள்.

"நாலு நாளா ஏன் கண்ணாடிக்கு வரல?" அக்காதான் முதலில் பேசினாள். அதில் ஆச்சரியம் இல்லை.

"அந்த நாலு நொடியில முடியற விஷயமாங்க அது? பார்த்தா சிரிப்பேனா அழுவேனான்னு எனக்கே தெரியல. அதான் சுத்திக்கிட்டு வரலாம்னு..."

"பதினோரு வருஷமாவா சுத்திக்கிட்டு வந்தீங்க? ஒரு குளியல் குளிக்க இவ்வளவு நேரமா ஒரு மனுஷனுக்கு?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் இயந்திரச் சத்தம் அமுங்கிப் போயிற்று. அண்ணனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அக்காவோடு போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண் தன் பக்கத்து இரண்டு முனைகளையும் அவர் கையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த துணியைப் பார்த்தார். தடவினார். பிறகு எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"சுடுது" என்றார். "இவ்வளவு வெள்ளையா இருக்குமா இது? நான் உள்ள போடறதைத்தான் பார்த்திருக்கேன். வெளிய வந்து பார்த்ததே இல்ல."

அக்காவுக்குக் கண்ணைத் துடைக்கக் கை காலியில்லை, போர்வையைப் பிடித்திருந்தாள். அப்படியே இரண்டடி முன்னால் வந்தாள். அவருக்கு மடிக்கத் தெரியவில்லை, இடமும் வலமும் மாறிப்போயிற்று. அவளே விரலைப் பிடித்து முனையோடு முனை சேர்த்து வைத்தாள். ஓரத்தில் நின்ற வானொலி முகமூடிக்குள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நாளைக்குத் தங்கச்சி ஊருக்குப் பஸ் ஏறறேன்" என்றார் அண்ணன்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"ஏழு."

"தங்கச்சி காத்திட்டிருப்பா. போய்ப் பார்த்துட்டு வாங்க. எப்ப திரும்பி வரீங்க?"

அண்ணன் மடித்த போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீங்க சொல்ற அன்னைக்கு."

"வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு." அக்கா மடித்த போர்வையை அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டாள். "அன்னைக்கே வந்துடுங்க. குளிக்கிறேன் குளிக்கிறேன்னு நேரம் கடத்தாம."